ஒலிபெருக்கியில் வகுப்பெடுத்த ஒலோதெபெக் ஆசிரியை ஹெர்லிண்டாவுக்கு

மஞ்சு மூடிய மலைச்சரிவில் மாணவர் மனம் மலர்த்திய மாண்பே! காப்பிக் காட்டின் நடுவே கல்விக் கதிர் விளைத்த கைவண்ணமே! கரும்பலகை முதல் கைக்கணினி வரை காலம் கொண்டுவந்து இறக்கிய கருவிகள் அத்தனைக்கும் உயிர் கொடுத்து, அவை ஓய்ந்து கிடந்தபோது தம் குரலையே கருவியாக்கிக் கொண்ட பெருந்தகையே! ஒலோதெபெக் தொலைக்காட்சி இடைநிலைப் பள்ளியில் முப்பத்தெட்டு ஆண்டுகள் ஓயாது உழைத்து, இன்று ஓய்வு என்று பேருக்கு ஒன்றைப் பெறுகின்ற எங்கள் மூத்த ஆசிரியை ஹெர்லிண்டா அம்மையீர்!

தங்களை வணங்கி, தங்களோடு பணியாற்றிய நாங்கள் இம்மடலைத் தங்கள் திருக்கரங்களில் சேர்க்கிறோம்.

இதை எழுதியவள் இரண்டாம் ஆண்டு வகுப்பின் ஆசிரியை நோஹெமி. வாசிப்பவர் முதலாம் ஆண்டு வகுப்பின் ஆசிரியர் எலியாசார். கணீரென்ற குரல் அவருக்குத்தான். எழுதத் தொடங்கிய அன்றே அவர் என்னை எச்சரித்தார்: "மடல்னா புகழ்ச்சி மட்டும் இருக்கணும் நோஹெமி. கதை சொல்லக் கூடாது. சட்டம் போட்டுச் சுவத்துல மாட்டப் போறோம்." பெரிய சட்டமாக வாங்கும்படி அவரிடம் சொல்லிவிட்டேன். நடந்ததைச் சொல்லாமல் தங்களைப் புகழ எனக்குத் தெரியவில்லை, அம்மையீர்.

கருவி எதுவாயினும் கலங்காத கைவல்லமையே!

தாங்கள் இவ்வூருக்கு வந்த நாளில் தங்களோடு வந்தது மரச்சட்டம் போட்ட ஒரு தொலைக்காட்சிப் பெட்டி. பெட்டி கழுதை முதுகில் ஏறி வந்தது; தாங்கள் நடந்து வந்தீர்கள். தலைநகரத்தில் ஓர் ஆசிரியர் கேமராவுக்கு முன் நின்று பாடம் சொல்வார். அதே நேரத்தில் சாலையும் இல்லாத ஊர்களில் பிள்ளைகள் அதைப் பார்ப்பார்கள். கால் மணி நேரத்தில் அவர் விடைபெற்றுக்கொள்ள, எல்லாப் பாடங்களுக்கும் ஒரே ஆளாய் வகுப்பில் நிற்கும் ஆசிரியர் மீதியை எடுத்துச் சொல்ல வேண்டும். திட்டம் நல்ல திட்டம். ஆனால் அதைத் தீட்டியவர்கள் எங்கள் மூடுபனியைப் பார்த்ததில்லை.

பனி இறங்கினால் படம் போய்விடும். ஒரு பிள்ளை கூரைமேல் ஏறி ஆன்டெனாக் கம்பைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். கம்பைப் பிடித்த பிள்ளைக்குப் பாடம் போய்விடுமே என்று, தாங்கள் கூரை ஓடு ஒன்றைக் கழற்றி வைத்து, அந்தச் சந்து வழியே பாடத்தை உரக்கச் சொல்லிக்கொண்டே இருந்தீர்களாம். அன்று கூரையில் நின்றவர்களில் சிலர் இன்று நரைத்த தலையோடு இந்தப் பந்தலில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

உலகக் கால்பந்துப் போட்டி நம் நாட்டிலேயே நடந்த அந்தக் கோடையில், ஊர்ப் பெரியவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக வந்தார்கள். ஊரில் வேறு பெட்டி கிடையாது.

"ஒரு மாசம்தான் டீச்சர். ஆட்டம் முடிஞ்சதும் அப்படியே கொண்டாந்து வச்சிடுறோம்."

"எதுக்குத் தூக்கணும்? எல்லாரும் இங்கயே வந்து பாருங்க. ஆனா உள்ள வர்றவங்க வாசல்ல ஒரு கணக்குப் போட்டுட்டு வரணும்."

"நாங்களா? கணக்கா?"

"தெரியலேன்னா உங்க பிள்ளைகிட்டக் கேட்டுக்கோங்க. அவனுக்குத் தெரியும்."

ஊர்த் தலைவரே வாசலில் நின்று தம் மகனிடம் வகுத்தல் கற்றுக்கொண்டு உள்ளே வந்தார் என்று சொல்வார்கள். அவர் இப்போது இல்லை. அவர் மகன் இருக்கிறார், தலையாட்டுகிறார்.

பிறகு வட்ட வடிவில் பெரிய செயற்கைக்கோள் ஆன்டெனா வந்தது. கோழிகள் அதில் அடைகாத்தன. தாங்கள் கோழிகளைக் கெஞ்சி இறக்கினீர்கள். ஒளிநாடாக்கள் வந்தன, இந்த ஈரத்தில் பூஞ்சை பிடித்தது, காப்பிக்கொட்டை காயும் முற்றத்தில் கொட்டைக்கு நடுவே வைத்துக் காயவிட்டீர்கள். மின்னணுப் பலகை வந்தது. எலியாசாரும் நானும் வேலைக்குச் சேர்ந்த காலம் அது. தொட்டால் எழுதும், தட்டினால் பாடும் அந்தப் பலகையை நாங்கள் கோயில் சிலையைப் போலச் சுற்றிச்சுற்றி வந்தோம். முதல் மழைக்காலத்திலேயே இடி இறங்கி அதன் உயிர் போயிற்று. பழுதுபார்க்க வருகிறேன் என்றவர் இன்னும் வந்துகொண்டிருக்கிறார். தாங்கள் துக்கம் காக்கவில்லை. அந்த வெள்ளைப் பலகையின்மீது டார்ச் விளக்கை அடித்து, ஓர் ஆரஞ்சுப் பழத்தைச் சுழற்றி, பகலும் இரவும் எப்படி வருகின்றன என்று அன்றைக்கே பாடம் எடுத்தீர்கள். கைக்கணினிகள் வந்தபோது அவை ஸ்பானிய மொழி மட்டும் பேசின. நம் நாவாத் மொழியில் விளக்கங்களைப் பிள்ளைகளின் குரலிலேயே பதிந்து அவற்றுக்குள் ஏற்றினீர்கள்.

வந்ததை வரவேற்றீர்கள், போனதற்கு அழவில்லை. புதியது எதையும் தாங்கள் கும்பிட்டும் நான் பார்த்ததில்லை, வைதும் நான் பார்த்ததில்லை.

எலியாசார் இந்த இடத்தில் மூச்சு வாங்கிக்கொள்ளட்டும். இனி வருவதுதான் நான் சொல்ல விரும்பியது.

பெருந்தொற்றிலும் பிள்ளைகளைக் கைவிடாப் பேரன்பே!

பள்ளிகள் மூடப்பட்ட அந்த ஆண்டை யாரும் மறக்கவில்லை. பாடங்கள் தொலைக்காட்சியிலும் இணையத்திலும் வரும் என்று மேலிடம் அறிவித்தது. பாதி வீடுகளில் பெட்டி இல்லை. இணையமோ கல்லறை மேட்டில் மட்டும் எட்டிப் பார்க்கும். பிள்ளைகள் முகக்கவசம் அணிந்து, கையில் போனோடு, சிலுவைகளுக்கு நடுவே உட்கார்ந்து பாடம் இறக்கினார்கள்.

ஒரு மழை நாளில் தங்கள் வகுப்பு மாணவி ஆராசெலி அந்த மேட்டிலிருந்து வழுக்கி விழுந்தாள். கை முறிந்தது. மறுநாள் அவள் தந்தை தார்சிசியோ பள்ளி வாசலுக்கு வந்தார். தேவாலயக் குழுவின் தலைவர், அதிர்ந்து பேசாதவர், அன்று பேசினார்.

"போன் வேணும்னீங்க, வாங்கிக் குடுத்தேன். சிக்னல் வேணும்னீங்க, செத்தவங்க நடுவுல கொண்டுபோய் உக்கார வச்சேன். இப்பக் கை ஒடிஞ்சு வந்து நிக்குறா. இன்னும் என்ன டீச்சர் வேணும் உங்களுக்கு?"

"தார்சிசியோ..."

"போதும். அவ வீட்டுல இருக்கட்டும். மாவு அரைக்க ஒரு கை போதும்."

அவர் போன பிறகு தாங்கள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தீர்கள். அப்போது அனாக்லெத்தோவின் ஒலிபெருக்கி கத்தியது. நம் ஊரில் யார் வீட்டில் பன்றி அறுத்திருக்கிறது, யாருடைய கழுதை காணவில்லை, யார் இறந்தார் என்பதையெல்லாம் தம் மாடியில் கட்டிய நான்கு குழாய்கள் வழியே ஊருக்குச் சொல்பவர் அவர். அன்று செனாயிதாவின் கறிக்கடையில் பன்றித்தோல் வறுவல் சூடாக இருக்கிறது என்று மூன்று முறை சொன்னார். தாங்கள் எழுந்து நேரே அவர் வீட்டுக்குப் போனீர்கள். நானும் பின்னால் வந்தேன்.

"அனாக்லெத்தோ, உன் குழாய் எது வரைக்கும் கேக்கும்?"

"ஆத்துக்கு அந்தாண்ட வரைக்கும் டீச்சர். காத்து நம்ம பக்கம் அடிச்சா கல்லறையில படுத்திருக்கவனுக்கும் கேக்கும்."

"காலைல ஒரு மணி நேரம் எனக்குக் குடு."

"காலைலயா? அது பன்றிக்கறி நேரமாச்சே!"

"நடுநடுவுல பன்றிக்கறியும் சொல்லிக்கோ."

அப்படித் தொடங்கியது அந்த வகுப்பு. பயிற்சித்தாள்களை ஆசிரியர்கள் நாம் மூவரும் வீடுவீடாகப் போய்க் கதவுகளில் நூலால் கட்டிவிட்டு வந்தோம். காலையில் தங்கள் குரல் மலையெங்கும் கேட்கும். பிள்ளைகள் கேட்கிறார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதற்கும் வழி கண்டீர்கள். விடை சரி என்றால் பாத்திரத்தில் ஒரு தட்டு, தவறு என்றால் இரண்டு தட்டு. "முக்கால் என்பது அரையைவிடப் பெரிது, சரியா?" என்று தாங்கள் கேட்டதும், பள்ளத்தாக்கின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் டணார் டணார் என்று ஊரே ஒலிக்கும். யாராவது ஒருவன் இரண்டு தட்டுத் தட்டுவான். "ஆத்தோரத்து வீடு! திரும்பக் கேளு!" என்பீர்கள். அவன் வெட்கப்பட்டுப் பாத்திரத்தை ஒளித்துவைப்பான்.

அனாக்லெத்தோவும் வாக்குத் தவறவில்லை. "இப்போ டீச்சர் பின்னத்தைக் கூட்டப் போறாங்க. அதுக்கு முன்னாடி, செனாயிதா கடையில ஈரல் இருக்கு, ஈரல்! சீக்கிரம் வாங்க! சரி டீச்சர், கூட்டுங்க."

சில வாரங்களில் பிள்ளைகள் மட்டும் கேட்கவில்லை என்பது தெரிந்தது. கொத்தனார்கள் சாரத்தில் நின்று கேட்டார்கள். செனாயிதா கறி வெட்டிக்கொண்டே கேட்டார், கடைக்குப் போனால், "டீச்சர் சொன்ன அந்த எரிமலை நிஜமாவே வெடிக்குமா?" என்று என்னை மறித்தார். ஒரு கையைத் தூளியில் தொங்கவிட்டு, மறு கையால் பாத்திரம் தட்டிக்கொண்டிருந்தாள் ஆராசெலி. தந்தைக்கு அது தெரியும். தெரியாததுபோல் வயலுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

பிறகுதான் அந்தப் பாடம் வந்தது.

உடலைப் பற்றிய பாடம். மாதவிலக்கு, கருத்தரிப்பு, பிரசவம், சின்ன வயதில் பிள்ளை பெறுவதன் ஆபத்து. பாடத்திட்டத்தில் இருந்தது, அதை வகுப்பறைக்குள் சொல்லவே பல ஊர்களில் ஆசிரியர்கள் தயங்குவார்கள். எலியாசார் தங்களிடம் வந்தார். இதை வாசிக்கும் அவரே அனுமதி கொடுத்ததால் எழுதுகிறேன்.

"அந்தப் பாடத்தை மட்டும் தாள்ல குடுத்துடலாம்மா. குழாய்ல வேண்டாம். ஊரே கேக்குது."

"ஊரே கேக்குதுன்னுதான் சொல்றேன். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாகிட்டத் தாளைக் காட்டி அந்தப் பொண்ணு என்னத்தைக் கேப்பா?"

முதல் நாள் சொன்னீர்கள். ஊர் அமைதியாக இருந்தது. அனாக்லெத்தோ ஈரலைப் பற்றி வாயே திறக்கவில்லை. இரண்டாம் நாள் எதிர்க்காற்று. தாங்கள் சொன்னது இது: "பொம்பளப் பிள்ளைங்க இதை வெக்கப்படாம அம்மாகிட்டக் கேக்கணும். ஆம்பளைங்க கூடத் தெரிஞ்சுக்க வேண்டிய விஷயம்தான் இது." மேட்டு வயலில் களையெடுத்துக்கொண்டிருந்த தார்சிசியோவுக்குக் காற்று கொண்டுபோய்ச் சேர்த்தது இவ்வளவு: "பொம்பளப் பிள்ளைங்க... வெக்கப்படாம... ஆம்பளைங்க கூட..."

அவர் களைக்கொத்தைப் போட்டுவிட்டு ஊருக்குள் இறங்கினார்.

ஊர் எதிர்நின்றும் உள்ளம் தளராத உறுதியே!

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் கூடைப்பந்து மைதானத்தின் தகரக் கூரையின் கீழ் ஊர்க்கூட்டம் கூடியது. எல்லோரும் முகக்கவசம் போட்டு, கை நீட்டினால் தொடாத தூரத்தில் உட்கார்ந்தார்கள். ஊர்க்கூட்டத்தில் பேசும் உரிமை ஊரில் பிறந்தவர்களுக்கு மட்டும்தான். கடலோரத்தில் பிறந்த தங்களுக்கு அந்த உரிமை இல்லை. கேட்டால் மட்டும் பதில் சொல்லலாம். தாங்கள் ஓரத்தில் ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தீர்கள். ஊர்க்கூட்டம் கையுயர்த்தி வாக்களித்தால் ஆசிரியரை மாற்றும்படி மேலிடத்துக்கு எழுதும். அப்படி மாற்றல் ஆனவர்களை நாம் அறிவோம்.

தார்சிசியோ எழுந்தார்.

"டீச்சரை நான் மரியாதைக் குறைவாப் பேச மாட்டேன். என் தம்பிங்க மூணு பேரும் அவங்ககிட்டதான் படிச்சாங்க. ஆனா ஊருக்கு நடுவுல குழாய் வச்சு, பொம்பளப் பிள்ளைங்களை ஆம்பளைங்க கூட வெக்கப்படாம இருன்னு சொல்றது எந்தப் பாடத்துல இருக்கு? குழாயை நிறுத்தணும். நிறுத்த மாட்டேன்னா வேற டீச்சர் கேப்போம்."

பலர் "ஆமாம், ஆமாம்" என்றார்கள். தங்கள் கைகள் மடியில் இருந்தன.

கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து செனாயிதா எழுந்து நின்றார். கடையிலிருந்து நேராக வந்திருந்தார். இடுப்பில் கட்டிய துணியில் இரத்தக்கறை இருந்தது.

"டீச்சர் அப்படிச் சொல்லல. நான் முழுசாக் கேட்டேன்."

"நீ கறி வெட்டிட்டுக் கேட்டிருப்பே."

"வெட்டிட்டுதான் கேட்டேன். காது வேற, கை வேற." சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "எனக்கு முதல் தடவை ரத்தம் வந்தப்ப, குடல் அறுந்துபோச்சுன்னு நெனச்சேன். பன்னிக்கு அப்படித்தானே வரும்? மூணு நாள் யார்கிட்டயும் சொல்லாம, செத்துப்போயிடுவேன்னு படுத்திருந்தேன். பதினஞ்சு வயசுல கல்யாணம். பிள்ளை எந்த வழியா வெளிய வரும்னு வலி வந்தப்பதான் தெரிஞ்சுது. இப்ப நாப்பது வயசுல, கறிக்கடையில நின்னு, இதெல்லாம் என்னன்னு கேட்டேன். எனக்குக் கோவம் வந்துச்சு தார்சிசியோ. டீச்சர் மேல இல்ல. இவ்வளவு நாள் சொல்லாதவங்க மேல."

ஊர்த் தலைவர் தங்களைப் பார்த்தார். "டீச்சர், நீங்க சொன்னது என்ன? அப்படியே இங்க சொல்லுங்க."

தாங்கள் எழுந்தீர்கள். தங்களைக் காத்துக்கொள்ளும் சொல் ஒன்றுகூடப் பேசவில்லை. "காத்துல பாதி போயிடுச்சுன்னா அந்தப் பாடம் தப்பாப் போயிடும். அதனால முழுசாச் சொல்றேன்" என்றீர்கள். நாவாத் மொழியில், ஆண்களும் பெண்களும் கிழவர்களும் உட்கார்ந்திருந்த அந்தக் கூட்டத்தில், முதல் நாள் பாடத்திலிருந்து தொடங்கி, முழுதும் சொன்னீர்கள். ஒரு பெண்ணுடல் எப்படி வளர்கிறது. மாதந்தோறும் ஏன் இரத்தம் வருகிறது. கரு எப்படி உண்டாகிறது. குழந்தை பிறந்த பின் நஞ்சுக்கொடி வெளிவருவது. அப்போது இரத்தப்போக்கு நிற்காவிட்டால் என்ன செய்ய வேண்டும். வளர்ந்து முடியாத உடம்புக்கு அது ஏன் பெரும் ஆபத்து. தங்கள் குரல் கரும்பலகைமுன் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது.

முடித்துவிட்டு, வகுப்பில் கேட்பது போலவே கேட்டீர்கள்: "சந்தேகம் இருந்தா கேளுங்க."

யாரும் கேட்கமாட்டார்கள் என்று நினைத்தேன். தார்சிசியோ எழுந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அடுத்து வருவதை அவர் அனுமதியோடு எழுதுகிறேன், முன்வரிசையில்தான் இருக்கிறார்.

"எங்க பெரியக்கா... பதினாறு வயசு. பிள்ளை பெத்த அன்னிக்கே போயிட்டா. வயித்துல பிள்ளையோட கிரகணத்தைப் பாத்துட்டான்னு சொன்னாங்க."

"ரத்தம் நிக்கலையா?"

"நிக்கல. பாய் நனஞ்சு தரைக்கு வந்துச்சு. நான்தான் சாம்பலை அள்ளிப் போட்டேன். எங்கம்மா தான் சாகுற வரைக்கும் அவளைத் திட்டிட்டே இருந்தாங்க. ஏன்டி அன்னிக்கு வெளிய போனே, ஏன்டி அதை நிமிந்து பாத்தேன்னு." அவர் தங்களைப் பார்த்தார். "அது கிரகணம் இல்லையா டீச்சர்?"

"இல்ல தார்சிசியோ. வயசு சின்னது. ரத்தம் நிக்காமப் போயிருக்கு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அன்னிக்கு ரோடும் இல்ல. அவ வானத்தைப் பாத்ததால ஒண்ணும் ஆகல. அவ மேல ஒரு தப்பும் இல்ல."

அவர் தலையசைத்தார். மறுபடி தலையசைத்தார். தொப்பியைச் சுற்றிக்கொண்டே நின்றார். பின் ஊர்த் தலைவரைப் பார்க்காமல், அனாக்லெத்தோவைப் பார்த்துப் பேசினார்.

"நாளைக்குக் காலைல டீச்சர் இதை இன்னொரு தடவை சொல்லட்டும். எங்கம்மா இல்ல. மத்த அம்மாங்க இருக்காங்க. ஒரு குழாயை எங்க மேட்டு வயல் பக்கம் திருப்பி வையி."

"ஏற்கெனவே ஒண்ணு அங்கதான் பாத்துட்டு இருக்கு அண்ணே."

"அப்ப நல்ல குழாயா வையி!"

அந்தக் கூட்டத்தில் சிரிப்பு வெடித்தது. செனாயிதா மட்டும் முகக்கவசத்தைத் தூக்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாரும் கையுயர்த்தும் தேவை வரவில்லை.

விதைத்ததன் விளைவைக் கண்ணாரக் காணும் நற்பேறே!

அதன் பிறகு நடந்தவற்றைச் சுருங்கச் சொல்கிறேன். பள்ளி மறுபடி திறக்கும் வரை ஒலிபெருக்கி வகுப்பு நடந்தது. மருத்துவ நிலையத்துச் செவிலி, தாமும் அதில் பேச இடம் கேட்டு வந்தார், இன்றும் பேசுகிறார். ஆராசெலி இப்போது கீழூரில் மேல்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். தினமும் காலையில் அவளை டிரக் நிறுத்தம் வரை கொண்டுபோய் விடுவது தார்சிசியோதான். செனாயிதா வயதுவந்தோர் தேர்வு எழுதி இடைநிலைச் சான்றிதழ் பெற்றார். கணக்கில் முதல் முறை தேறவில்லை. "கறியில கால் கிலோ, முக்கால் கிலோ எல்லாம் கண்ணை மூடிட்டு வெட்டுறேன் டீச்சர், தாள்ல போட்டா அதே முக்கால் கடிக்குது" என்று தங்களிடம் வந்து அழுததும், தாங்கள் அவர் கடையிலேயே நின்று கறித்துண்டுகளை வைத்துப் பாடம் சொன்னதும் ஊர் அறிந்த செய்தி.

எல்லாம் நலமாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். பள்ளி திறந்தபோது இரண்டு பிள்ளைகள் திரும்பவில்லை; நகரத்துக் கட்டட வேலைக்குப் போய்விட்டார்கள். தாங்கள் பேருந்து ஏறிப் போய் ஒருத்தியைக் கூட்டி வந்தீர்கள். மற்றவன் லியோபார்தோ வரவில்லை. அவன் பெயரை வருகைப் பதிவில் அந்த ஆண்டு முடியும் வரை தாங்கள் அழைத்துக்கொண்டே இருந்தீர்கள். இன்று அவன் தாய் இந்த விருந்துக்கு மோலே மிளகாய்க் குழம்பு கிண்டிக்கொண்டிருக்கிறார். அவன் அனுப்பிய செய்தியை என்னிடம் காட்டினார்: அங்கே மாலைப் பள்ளி ஒன்றில் பெயர் கொடுத்திருக்கிறானாம். தங்களிடம் இதை நானே சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். சொல்லிவிட்டேன், அம்மையீர்.

சென்ற ஆண்டு நம் கூரையில் வானிலிருந்து இணையம் பிடிக்கும் தட்டு ஆன்டெனாவும் வந்துவிட்டது. கேட்டதற்கெல்லாம் விடை எழுதும் செயலி ஒன்றை மாணவர்கள் போனில் கொண்டுவந்தார்கள். "இனி நம்மள யாரு கேப்பா?" என்று எலியாசார் முகம் வாடினார். தாங்கள் அதனிடம் நாவாத் மொழியில் ஒரு கேள்வி கேட்டீர்கள். அது உளறியது. வகுப்பே கைகொட்டிச் சிரித்தது.

"சிரிக்காதீங்க. அதுக்கு நம்ம பேச்சை யாரும் சொல்லிக் குடுக்கல. அது தப்பாச் சொன்னது எதுன்னு கண்டுபிடிச்சு, சரியானதை எழுதுங்க பாப்போம்" என்றீர்கள். அந்த வாரம் முழுதும் பிள்ளைகள் ஓர் இயந்திரத்தின் விடைத்தாளைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். அத்தனை ஆர்வமாக இலக்கணம் படித்த வகுப்பை நான் கண்டதில்லை.

ஊர் உவந்தேற்ற உயர்வே!

பணிநிறைவுப் பரிசாக என்ன வேண்டும் என்று நாங்கள் கேட்டபோது, "ஒண்ணும் வேண்டாம், கடலோரத்துல தங்கச்சி வீடு இருக்கு, போயி மீன் சாப்பிடுறேன்" என்றீர்கள். நாங்கள் வருத்தத்தோடு தலையாட்டினோம். தங்களுக்குத் தெரியாமல் சென்ற ஞாயிறு ஊர்க்கூட்டம் கூடியது. இந்த ஆண்டு ஊர்த் தலைவர் தார்சிசியோ. அங்கே எடுத்த முடிவை இந்த மடல் வழியே அறிவிக்கும்படி எங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அதனால் எலியாசார் இந்தப் பத்தியைத் தெளிவாகவும் மெதுவாகவும் வாசிக்க வேண்டும்:

ஹெர்லிண்டா ஆசிரியை இன்று முதல் ஒலோதெபெக் ஊரின் மகள். ஊர்க்கூட்டத்தில் அவருக்குப் பேச்சுண்டு, வாக்குண்டு. ஊரின் மற்ற எல்லோரையும் போல அவருக்கும் ஊர்ப்பணி உண்டு. வரும் ஆண்டுக்குக் குடிதண்ணீர்க் குழுவின் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்படுகிறது. ஊற்றிலிருந்து வரும் குழாய்களைச் சுத்தம் செய்யும் நாளில் அவரும் மண்வெட்டியோடு வர வேண்டும். மீன் சாப்பிடத் தங்கை வீட்டுக்குப் போகலாம்; போய்விட்டுத் திரும்பிவிட வேண்டும்.

தாங்கள் மறுப்பீர்கள் என்று எங்களுக்குத் தெரியும். அந்தக் கூட்டத்திலேயே யாரோ எழுந்து, "டீச்சருக்குத் தண்ணிக் குழாயைப் பத்தி என்ன தெரியும்?" என்று கேட்டார். "கத்துக்குவாங்க" என்றார் தார்சிசியோ. வேறு யாரும் எதுவும் கேட்கவில்லை. கைகள் எல்லாம் உயர்ந்தன.

ஆசிரியர் குலத்தின் அணிகலனே! அன்பின் உறைவிடமே! தங்கள் கண்ணொளி மங்காதிருக்கட்டும். இம்மலையேற்றம் கால்வலிக்கு இடம் கொடாதிருக்கட்டும். இடியோ பனியோ எதிர்க்காற்றோ தங்கள் குரலை மறைக்காதிருக்கட்டும். நல்ல உடல்நலமும் நிறைந்த ஆயுளும் பெற்று, தாங்கள் மண்வெட்டியோடு ஊற்றடியில் நின்று எங்களையும் சேர்த்து வேலைவாங்குகின்ற காட்சியைப் பல்லாண்டு நாங்கள் காண வேண்டும் என்று வேண்டி அமைகிறோம்.

எழுந்து நில்லுங்கள், அம்மையீர். ஊர் தங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறது. இம்முறை யாரும் கேட்காமலே தாங்கள் பேசலாம்.

தங்கள் அன்பில் வளர்ந்த,
நோஹெமி, இரண்டாம் ஆண்டு வகுப்பு ஆசிரியை
எலியாசார், முதலாம் ஆண்டு வகுப்பு ஆசிரியர்
தோமித்திலா, பள்ளிச் சமையற்கூடம்
ஒலோதெபெக் தொலைக்காட்சி இடைநிலைப் பள்ளி